பாதி விலை உப்பு

மலிவு என்ற சொல்லை நீலாவதியின் காதில் போட்டுவிட்டு யாரும் சும்மா வீடு திரும்ப முடியாது. எந்தக் கடை, எத்தனை நாளைக்கு, ஓர் ஆளுக்கு எத்தனை பாக்கெட், ரசீதை எங்கே அனுப்ப வேண்டும் என்று குடைந்தெடுத்துவிடுவாள். ரந்தா பட்டணத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, பழைய தோட்டத்து ஆட்களுக்காகக் கட்டிக்கொடுத்த நாற்பது வீடுகள் இருந்தன. எண்ணெய் எந்த வாரம் விலை இறங்கும், கோழி எந்தக் கிழமை இறங்கும் என்பதெல்லாம் அந்த வீடுகளுக்கு அவள் சொல்லித்தான் தெரியும். கைப்பேசியில் அதற்கென்றே ‘நீலா ஆஃபர்’ என்று ஒரு குழு வைத்திருந்தாள். பொழுது விடிந்ததும் அதில் அவள் குரல்தான் முதலில் கேட்கும்.

அதிலும் பணத்தைத் திருப்பித் தரும் சலுகை என்றால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. சில கம்பெனிகள் சாமானை விற்றுவிட்டுப் பிறகு பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். சும்மா கொடுத்துவிடாது. ரசீதைப் படம்பிடி, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம்பிடி, அடையாள அட்டையின் ஐசி நம்பரைப் போடு, மறுபடியும் போடு என்று ஆளை அலைக்கழிக்கும். பாதிப் பேர் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நீலாவதியிடம் அது பலிக்கவில்லை. ஊர் ரசீதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பேரிலும் தானே அனுப்பி, பணம் வந்து சேரும்வரை விடாமல் துரத்துவாள். அதற்காக யாரிடமும் அவள் ஒரு காசு கேட்டதில்லை.

“நீலாக்கா மட்டும் வேலைக்குப் போயிருந்தா மேனேஜருங்க எல்லாம் துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடியிருப்பானுங்க லா” என்பாள் நான்காம் வரிசைத் திலகா. அந்தப் பேச்சு நீலாவதிக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் கணவர் இராஜமாணிக்கம் தோட்டத்தில் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். இனிப்புநீர் நோய் வந்து, அது சிறுநீரகத்தைத் தின்று, நான்கு வருஷமாக டயாலிசிஸில் உயிரை ஓட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் வேன் வந்து செரம்பானுக்கு ஏற்றிக்கொண்டு போகும். நான்கு மாதத்துக்கு முன்னால் திலகாவின் கணவர் சத்தியசீலனும் அதே வேனில் ஏற ஆரம்பித்தார். மகள் விமலா செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். வீடு அவள் சம்பளத்தில் நடந்தது. ஊசி மருந்துச் செலவு நீலாவதி மிச்சம்பிடித்ததில் நடந்தது.

கணவரை அவள் பார்த்துக்கொண்ட விதத்தில் எவனும் குறை சொல்ல முடியாது. டயாலிசிஸ் நர்ஸ் கொடுத்த தாளைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அதில் சிவப்பில் பெரிதாகப் போட்டிருந்தது காலியம். பொட்டாசியத்துக்கு மலாயில் அந்தப் பெயர். ரத்தத்தில் அது ஏறினால் இருதயம் நின்றுவிடும் என்று நர்ஸ் சொன்ன நாளிலிருந்து, நீலாவதிக்கு அது பேய் பிசாசின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அந்த வீட்டுக்குள் வாழைப்பழம் நுழைந்து நான்கு வருஷம் ஆகிறது. இளநீர் கிடையாது. உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, இரண்டு தடவை கொதிக்கவைத்து, இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டு, சக்கையாகத்தான் தட்டில் வைப்பாள். உப்பும் கண்ணில் காட்டமாட்டாள். மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பச்சைப் பாக்கெட் வந்தது.

செரம்பான் பேரங்காடியில் பணக்காரர்கள் வாங்கும் வரிசையில் அது எப்போதும் இருப்பதுதான். சாதாரண உப்பைப்போல ஐந்து மடங்கு விலை. முன்பக்கத்தில் சிவப்பாக ஓர் இருதயப் படம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்ற எழுத்து. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லும்போதெல்லாம் நீலாவதி அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். போன மாதம் அதற்குச் சலுகை போட்டார்கள். இரண்டு வாங்கினால் பாதி விலை. அந்தப் பாதியிலும் பாதியைக் கம்பெனி திருப்பித் தரும். அன்று அவள் குழுவில் போட்ட குரல்பதிவு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடியது.

“சொந்தங்களே, கேட்டுக்குங்க. பிரஷர் உள்ளவங்க, சீனி உள்ளவங்க, கிட்னி உள்ளவங்க எல்லாரும் வாங்குங்க. இந்த மாதிரி ஆஃபர் ஆயுசுக்கும் வராது. ரசீத மட்டும் தூக்கிப் போட்றாதீங்க, நான் பாத்துக்கறேன்.”

பதினான்கு வீடுகள் வாங்கின. நீலாவதி நான்கு பாக்கெட் வாங்கினாள். சோடியம் குறைந்த உப்புத்தானே என்று தைரியமாகக் கூடவே ஒரு கரண்டி போட்டுக் குழம்பு வைத்தாள். இராஜமாணிக்கம் முதல் வாயிலேயே நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“ரொம்ப நாளைக்கப்புறம் கொழம்பு கொழம்பாட்டம் இருக்கு நீலா” என்றார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று வாரம் அந்த மனிதர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். ஒரு திங்கட்கிழமை மத்தியானம், கால் கல் மாதிரி கனக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை என்றார். மறுநாள் டயாலிசிஸ் இருக்கிறதே, ரத்தத்தைக் கழுவினால் சரியாகிவிடும் என்று அவள் தைலம் தேய்த்துவிட்டாள். சாயங்காலம் அவருக்குப் பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அரை மணி நேரத்தில் இருதயம் நின்றுவிட்டது. காலியம் ஏறிவிட்டது, என்ன சாப்பிட்டார், இளநீர் ஏதாவது குடித்தாரா என்று டாக்டர் கேட்டார்.

நீலாவதி யோசித்தாள். அவள் கையால் கொடுத்ததில் தப்பே இருக்க முடியாது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மனிதர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரந்தாவுக்குப் போனார், ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். கோயில் பக்கத்தில் இளநீர் லோரி நிற்கும். அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் கேட்க அழுதாள். “ஒத்த இளநிக்கு என்னை வித்துட்டுப் போயிட்டியே! வாயக் கட்டத் தெரியாம உசுர விட்டியே!” வந்திருந்தவர்கள் எல்லாரும் அதை நம்பினார்கள். நாலு பேர் கூடும் இடத்தில், பாவம் நீலாக்கா, அவர்தான் நாக்கை அடக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். விமலா அழவே இல்லை. அம்மா இத்தனை பாடுபட்டும் ஒரு இளநீருக்காக எல்லாரையும் விட்டுவிட்டுப் போன மனிதர் என்று அவளுக்கு அப்பாமேல் அப்படி ஒரு கோபம். சாவு வீட்டுக் காரியங்களையெல்லாம் ஆபீஸ் வேலை மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்தாள்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. உப்புக்கு ரசீது அனுப்ப அன்றுதான் கடைசி நாள். தன் துக்கத்துக்காகப் பதினான்கு வீட்டுப் பணம் போகக்கூடாது என்று நீலாவதி மாலையில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விமலா வேலைக்குப் போயிருந்தாள். முதலில் தன் வீட்டுப் பாக்கெட். பின்பக்கத்தைப் படம்பிடித்தாள். படம் தெளிவில்லை என்று கம்பெனி திருப்பி அனுப்பியது. மறுபடி பிடித்தாள். மறுபடி திருப்பி அனுப்பியது. மூன்றாம் தடவை, விளக்குக்குக் கீழே வைத்துப் பிடித்து, எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

எழுத்து நன்றாகத்தான் விழுந்திருந்தது. எறும்பு சைஸில் மலாயில் அச்சடித்திருந்தது இப்போது புளியங்கொட்டை சைஸில் தெரிந்தது. காலியம் குளோரிடா, அறுபது விழுக்காடு. அதற்குக் கீழே இன்னொரு வரி. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

அவள் எழுந்து போய்க் குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளைப் பார்த்தாள். அதே காலியம்தான். வேறு ஏதாவதாக இருக்குமோ என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாள். சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். உருளைக்கிழங்கிலிருந்து பிழிந்து பிழிந்து வெளியேற்றியதை, கரண்டி கரண்டியாக அவளே குழம்பில் அள்ளிப் போட்டிருக்கிறாள். அவரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார்.

அடுத்த நொடி அவளுக்குச் சத்தியசீலன் ஞாபகம் வந்தது.

திலகாவுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. குழுவில் சொல்லலாம் என்று கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள். நாற்பது வீடு கேட்கும். என்னவென்று சொல்வது? கையை இறக்கிவிட்டாள். பிறகு ஒரு வழி தோன்றியது. கம்பெனி முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறது, பாக்கெட்டையும் சேர்த்துக் கேட்கிறது என்று சொல்லிவிட்டால் போதும். காசு என்றால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். காதும் காதும் வைத்தாற்போல் எல்லாப் பாக்கெட்டையும் வாங்கி வந்துவிடலாம். பணத்தைத் தன் கையிலிருந்து போட்டுக் கொடுத்துவிடலாம். பர்ஸையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடியும்வரை புருஷனைப் பறிகொடுத்தவள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது. எழுதி வைத்த சட்டத்தை இந்த ஊரில் பாதிப் பேர் மதிப்பதில்லை. இதை மட்டும் மீறியவர் இல்லை. மூன்று வரிசைகளைக் கடந்து நீலாவதி நடந்தபோது, மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த வசந்தன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். யாரோ ஒருத்தி பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஏழு மணி தாண்டியிருந்தது. வீடுகளில் சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

திலகாவின் வீட்டுக் கம்பிக்கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். திருநீறு பூசிய நெற்றியோடு வெளியே வந்த திலகா, ஆளைப் பார்த்ததும் திடுக்கிட்டுப்போனாள்.

“அக்கா! என்னக்கா இது? இன்னும் பதினாறு கூட முடியலியே. அதுவும் வெளக்கு வெச்ச நேரத்துல...”

“உள்ள வரல திலகா. அந்தப் பச்சப் பாக்கெட் உப்பு இருக்குல்ல, அதக் குடுத்துரு. கம்பெனி முழுக் காசையும் திருப்பிக் குடுக்குது. இந்தா, காசு கையோட வச்சிருக்கேன்.”

“உப்பா?” திலகாவின் முகம் மாறியது. “வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வெச்சப்பறம் உப்ப வெளிய குடுப்பாங்களாக்கா? மகாலட்சுமிய கையப் புடிச்சி வெளிய தள்ற மாதிரி இல்ல? தப்பா எடுத்துக்காதீங்க. இவரு வேற ஒடம்புக்கு முடியாம இருக்காரு. நாளைக்குக் காலைல நானே கொண்டாந்து தரேன்.”

“நாளைக்கு வேணாம். இப்பவே குடு. சாப்பாட்டுல போட்டியா?”

“பழைய உப்பு தீரட்டும்னு இருந்தேன். போன வாரந்தான் ஒடச்சேன். நல்லாத்தானே இருக்கு? நீங்கதானே கிட்னிக்கு நல்லதுன்னு சொன்னீங்க.”

திலகா சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சத்தியசீலன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது கம்பிக்கதவின் வழியே தெரிந்தது.

“வாங்க அண்ணி” என்று அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “எந்திரிக்க முடியல, மன்னிச்சிக்குங்க. நேத்து வேன் கெட்டுப்போச்சின்னு டிரைவர் வரல. டயாலிசிஸ் போகல. காலைலேருந்து காலு ரெண்டும் கல்லாட்டம் கனக்குது.”

நீலாவதி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் இராஜமாணிக்கம் சொன்னதும் இதேதான்.

“திலகா, அவர இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. நாளைக்கு வரைக்கும் வைக்காத.”

“என்னக்கா சொல்றீங்க? நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நின்னுக்கிட்டு...” திலகாவின் குரலில் இப்போது பயமும் கோபமும் கலந்திருந்தன. “ஒங்க துக்கம் எனக்குப் புரியிது. அதுக்காக எங்க வீட்டுக்கும் அதயே சொல்லணுமா? போயிட்டு வாங்கக்கா, தயவு செஞ்சி.”

அவள் கதவைச் சாத்தப்போனாள். பொய்க்கு இனி வேலை இல்லை என்று நீலாவதிக்குத் தெரிந்துவிட்டது.

“அவரு எளநி குடிக்கல திலகா!” என்று கத்தினாள். “அந்த உப்புல இருக்கிறது காலியம். நான் அத மூணு வாரம் கொழம்புல அள்ளிப் போட்டு அவரக் கொன்னுட்டேன். நாந்தான் கொன்னேன். கடைசியா அவருக்கும் இப்பிடித்தான் காலு கனத்துச்சி. ஒனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், அவர கார்ல ஏத்து!”

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். உள்ளே சத்தியசீலன் நாற்காலியின் கையைப் பிடித்து எழப்பார்த்தார். முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் திலகா அலறினாள். வசந்தன் ஓடி வந்தான். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். ஆளைத் தூக்கிக் காரில் போட்டார்கள். நீலாவதி பாக்கெட்டை மேசையிலிருந்து எடுத்து வரச்சொல்லி, டாக்டரிடம் இதைக் காட்டு, காட்டு என்று வசந்தனின் கையில் திணித்தாள். சாமி விளக்கு எரிந்துகொண்டிருக்க, உப்பு அந்த வீட்டை விட்டு வெளியே போனது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. காரில் ஏறும்போது திலகா அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் போன பிறகு நீலாவதி திலகாவின் வாசலிலேயே நின்று குழுவைத் திறந்தாள். இந்தத் தடவை தயங்கவில்லை.

“நீலாவதி பேசறேன். அந்தப் பச்சப் பாக்கெட் உப்ப யாரும் அடுப்புல வைக்காதீங்க. கிட்னி உள்ளவங்க ஒரு சிட்டிகை கூடச் சாப்பிடக் கூடாது. நான் படிக்காம ஒங்களுக்குச் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரரு அதத் தின்னுதான் செத்தாரு. எளநி குடிச்சாருன்னு நான் சொன்னது பொய். அவரு மேல பழியப் போட்டுட்டேன். காச நான் தரேன், உப்பக் கொட்டிருங்க.”

அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தன் குரலே முன்னும் பின்னுமாக வீட்டுக்கு வீடு கேட்டது.

எட்டரை மணிக்குத் திலகா அழைத்தாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

“ஊசி போட்டு மெசின்ல வெச்சிருக்காங்க. ரத்தத்துல காலியம் ஏழு புள்ளி நாலாம். காலை வரைக்கும் தாங்கியிருக்காதுன்னு டாக்டரு சொல்றாரு. ஒங்கள கையெடுத்துக் கும்புடுறதா, மண்ண வாரித் தூத்துறதான்னு எனக்குத் தெரியலக்கா.”

பதிலுக்குக் காத்திராமல் திலகா வைத்துவிட்டாள்.

தொழிற்சாலை பஸ் முச்சந்தியில் நின்று போகும் சத்தம் கேட்டது. விமலா வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றாள். அவள் கையில் கைப்பேசி இருந்தது.

“குரூப்ல போட்டது நெசமாம்மா?”

“நெசம்.”

“அப்பா எளநி குடிக்கல?”

“குடிக்கலடி. நான் போட்டதத்தான் சாப்ட்டாரு.”

விமலா அம்மாவைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் சப்பாத்துக் காலோடு மண்டியிட்டாள். கண்ணாடியின்மேல் கையை வைத்தாள். பன்னிரண்டு நாள் வராத அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

“வாய்க்கரிசி போடறப்பக்கூட ஒங்க மொகத்தப் பாக்கலியேப்பா. வேணும்னேதான் பாக்கல. ஒங்க மேல கோவமா இருந்தேம்ப்பா. அப்பா... அப்பா...”

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெற்ற மனம் கேட்கவில்லை. நீலாவதி இரண்டு அடி எடுத்து வைத்தாள். விமலா திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டித் தடுத்தாள்.

“நீ அங்கயே இரும்மா” என்றாள்.

நீலாவதி அங்கேயே நின்றாள்.